குப்பைக்குப் போகவிருந்த சங்கீதம்

அறுபதுகளில் அமெரிக்காவில் வெடித்துக் கிளம்பிய அவாங்-கார்ட் ஜாஸ் இன்றும் நம் காதுக்கு எட்டுகிறது. அதைக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் தட்டு தேடி அலைந்த சாதாரண ரசிகர்கள்.

கடையின் பின்பக்கம், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று ஒருவர் இசைத்தட்டை உறையிலிருந்து உருவுகிறார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே, ஓரம் மட்டும் படும்படி பிடிக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிறார். பாட்டு முடிந்து, லேபிள் தொடங்குவதற்கு முன்னால் வழவழவென்று ஒரு வெற்று வளையம் இருக்குமே, அவருடைய கண் அங்கேதான் இருக்கிறது. தட்டைச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தை அந்த வளையத்தில் ஓடவிடுகிறார். கையால் கீறிய எழுத்து ஏதும் தெரிகிறதா? ‘எடிஷன் டூ’ என்று இருந்தால் ஒரு பெருமூச்சு. இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் பர்ஸைத் திறப்பார்.

நியூயார்க், லண்டன், டோக்கியோ, எந்த ஊர்ப் பழைய தட்டுக் கடையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அவர் கையில் இருப்பது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’. 1965 ஜூன் 28 அன்று 11 கலைஞர்கள் ஒரே அறையில் கூடி, ஒரே உருப்படியை இரண்டு முறை வாசித்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 நிமிடம். இம்பல்ஸ் கம்பெனி 1966-ல் அதில் ஒன்றைத் தட்டாக வெளியிட்டது. பிறகு கோல்ட்ரேனுக்கு மற்ற வாசிப்பே மேல் என்று பட்டது. கம்பெனி உறையை மாற்றவில்லை, எண்ணை மாற்றவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. உள்ளே இருந்த இசையை மட்டும் மாற்றிவிட்டது. அடையாளம் அந்த வெற்று வளையத்தில் கீறிய எழுத்து ஒன்றுதான்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. “டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸின் தனி ஆவர்த்தனம் கேட்டாயா?” என்று ஒருவர் கேட்பார். “அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை” என்பார் இன்னொருவர். இருவர் மடியிலும் ஒரே உறை. இருவர் சொல்வதும் உண்மை. அந்த ஆவர்த்தனம் ஒரு வாசிப்பில் உண்டு, மற்றதில் கிடையாது.

தட்டு சேகரிப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அவர் பார்ப்பது விலையை மட்டுமல்ல. இந்தச் சங்கீதத்தின் வரலாறு எங்கே எழுதியிருக்கிறதோ, அங்கேதான் பார்க்கிறார்.

ஐந்து நட்சத்திரமும் பூஜ்யமும்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 நவம்பர் 17. நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கஃபேயில் டெக்ஸஸ்காரரான ஆர்னெட் கோல்மன், பால் வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் சாக்ஸபோனோடு மேடை ஏறினார். பியானோ இல்லை. தாளச் சுற்றுக்கும் சுர அடுக்குக்கும் கட்டுப்பட்டு வாசிக்கிற அதுவரையிலான வழக்கமும் இல்லை. ராகத்தின் சாயலைப் பிடித்துக்கொண்டு மனோதர்மம் போகிற வழியில் போவது, கூட இருப்பவர்கள் அதைக் கேட்டு அந்தக் கணத்திலேயே பதில் சொல்வது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குப் பேசிய கச்சேரி இரண்டு மாதத்தைத் தாண்டி ஓடியது. மேதை என்று ஒரு கூட்டம், ஏமாற்றுக்காரர் என்று இன்னொரு கூட்டம்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கவைத்து ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற தட்டைப் பதிவு செய்தார் கோல்மன். அந்த இசை வகைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘டவுன்பீட்’ பத்திரிகை 1962 ஜனவரியில் அதற்கு இரண்டு விமர்சனங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. பீட் வெல்டிங் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஜான் டைனன் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. இந்த இசையைப் பற்றிய பேச்சு ஃபைவ் ஸ்பாட்டில் தொடங்கியதுதான், இன்னும் ஓயவில்லை. 2007-ல் அதே கோல்மனுக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தபோதும் ஓயவில்லை.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பேத்தோவன் தட்டு உடைந்தால் இசைக் குறிப்பு இருக்கிறது, இன்னொருவர் வாசிப்பார். ஃப்ரீ ஜாஸில் எழுதி வைத்தது கொஞ்சம்தான், சில சமயம் எதுவுமே இல்லை. அன்று, அந்த அறையில், அந்த மனிதர்கள் வாசித்ததுதான் படைப்பு. தட்டு போனால் படைப்பே போய்விட்டது.

முன்னூறு பிரதி

பெரிய கம்பெனிகள் இந்த இசைக்குக் கொஞ்ச காலம்தான் கதவைத் திறந்து வைத்தன. அதனால் கலைஞர்களே தட்டு போட்டார்கள். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து பீட்டர் புரோட்ஸ்மன் ஓவியம் படித்தவர். 1968 மே மாதம் பிரேமனில் எட்டுப் பேர் கொண்ட குழுவாக ‘மெஷின் கன்’ பதிவு செய்தார். தன் சொந்த லேபிளில், தானே உறை வடிவமைத்து, முன்னூறு பிரதி போட்டார். ஐரோப்பிய ஃப்ரீ ஜாஸின் திருப்புமுனை என்று இன்று எல்லோரும் கொண்டாடும் தட்டு அது. முதலில் வந்தது முன்னூறே முன்னூறு!

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, டிரம்ஸ் கலைஞர் மில்ஃபர்ட் கிரேவ்ஸும் பியானோ கலைஞர் டான் புல்லனும் யேல் பல்கலைக்கழகத்தில் வாசித்ததைத் தாங்களே தட்டாக்கினார்கள். முதல் பிரதிகளின் உறைக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

வழக்கறிஞர் பெர்னார்ட் ஸ்டால்மன் எஸ்பெரான்டோ என்ற செயற்கை மொழியைப் பரப்பத் தொடங்கிய லேபிள் இ.எஸ்.பி. டிஸ்க். ஹார்லெமில் ஆல்பர்ட் ஐலரின் சாக்ஸபோனைக் கேட்ட பிறகு அந்த லேபிளின் திசையே மாறிவிட்டது. ‘நீங்கள் கேட்கப்போவதை முடிவு செய்பவர்கள் கலைஞர்கள் மட்டுமே’ என்கிற பொருளில் உறையில் அச்சிட்டுத்தான் தட்டு விற்றார்கள். ஐலரின் ‘பெல்ஸ்’ ஒரு பக்கம் மட்டுமே இசையுள்ள தட்டு. மறுபக்கம் வெறுமை. கலைஞருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்த அந்த லேபிளிடமிருந்து காசு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று அதில் வாசித்த பலர் பிற்காலத்தில் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர் பியானோ கலைஞர் சன் ரா. அலபாமாவில் 1914-ல் பிறந்தவர். தான் சனிக் கிரகத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு, மினுங்கும் அங்கி போட்டுக்கொண்டு, ‘ஆர்கெஸ்ட்ரா’ என்கிற சொல்லையே வளைத்து ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று குழுவுக்குப் பெயர் வைத்தவர். ஐம்பதுகளின் நடுவிலேயே சிகாகோவில் ஆல்டன் ஆபிரகாம் என்ற நண்பரோடு சேர்ந்து ‘சாட்டர்ன்’ லேபிளைத் தொடங்கிவிட்டார். கறுப்பினக் கலைஞர் ஒருவர் தன் இசைக்குத் தானே முதலாளியாக இருப்பது அந்தக் காலத்தில் அரிய துணிச்சல். கச்சேரி முடிந்ததும் மேடையோரத்தில் தட்டு விற்பார்கள். குழுவில் இருப்பவர்களே உட்கார்ந்து மார்க்கரால் உறை வரைந்திருப்பார்கள். சிலவற்றின் லேபிள் வெறுமையாக இருக்கும். ஒரு தட்டின் முதல் பக்கம் ஒரு வருடத்தில் பதிவானது, மறுபக்கம் வேறொரு வருடம். அதே பக்கம் இன்னொரு தட்டில் வேறு பெயரோடு தலைகாட்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க முன்வந்தவர் இசைப் பேராசிரியர் அல்ல. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த ராபர்ட் கேம்பல். எந்தத் தட்டில் எந்தப் பக்கம், எந்த ஊரில், எந்த வருடம், யார் யார் வாசித்தார்கள் என்று சேகரிப்பாளர்களிடமும் கலைஞர்களிடமும் விசாரித்து விசாரித்து ஒரு பட்டியல் தயாரித்தார். 1994-ல் அது புத்தகமாக வந்தது. 2000-ல் கிறிஸ்டோஃபர் டிரெண்டோடு சேர்ந்து விரிவாக்கினார். இன்று சன் ராவைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் திறக்காமல் எழுத முடியாது. தட்டைப் பற்றி விடிய விடியப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நான் காட்டும் புத்தகம் இதுதான்.

பெட்டிச் செய்தி: காதைத் தேடு

சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ 1964-ல் புளூ நோட் கம்பெனியில் வந்தது. அது வெளியாகும் முன்பே, அந்த ஆண்டு ஜூன் 29 அன்று, சர்க்கரை நோய் இருப்பது தெரியாமலே பெர்லினில் இறந்துபோனார் டால்ஃபி. வயது 36. அந்தத் தட்டின் முதல் பிரஸ்ஸிங்கை, அதாவது முதலில் வார்த்த பிரதியை, அடையாளம் காண்பது எப்படி? லேபிளில் இருக்கும் விலாசத்தைப் பார்ப்பார்கள். வெற்று வளையத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக ஒரு குட்டிக் ‘காது’. தட்டு வார்த்த பிளாஸ்டிலைட் தொழிற்சாலை தன் பெயரின் முதலெழுத்தைச் சுழித்துப் போட்ட குறி அது. பார்க்கக் காது மடல் மாதிரியே இருக்கும். புளூ நோட் கைமாறிய பிறகு, 1966-க்குப் பின் வந்த தட்டுகளில் காது கிடையாது.

சிகாகோவில் ஒரு வீடு

ஆல்டன் ஆபிரகாம் 1999-ல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய வீட்டைக் காலி செய்தார்கள். ஐம்பதுகளிலிருந்து சேர்ந்த ஒலிநாடாக்கள், உறை ஓவியங்களின் அச்சுக் கட்டைகள், சன் ரா கைப்பட எழுதிய தாள்கள், கணக்குச் சீட்டுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. வீட்டைக் காலி செய்பவர்களுக்கு அது வெறும் பழைய காகிதம்.

சிகாகோவிலேயே வாழ்ந்த எழுத்தாளரும் தட்டுச் சேகரிப்பாளருமான ஜான் கார்பெட்டின் காதுக்குச் செய்தி எட்டியது. குப்பைக்குப் போகும் முன் அள்ளிக்கொண்டு வந்தார். ஆண்டுக்கணக்கில் அதை வகைப்படுத்தினார். பிறகு விற்றாரா? இல்லை. கையெழுத்துகளையும் ஓவியங்களையும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார். ஒலிநாடாக்கள் அதே நகரத்தின் ‘எக்ஸ்பெரிமென்டல் சவுண்ட் ஸ்டுடியோ’வின் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று எந்த மாணவரும் போய் எடுத்துப் பார்க்கலாம். ஒரு வாரம் தாமதித்திருந்தால், இருபதாம் நூற்றாண்டுக் கறுப்பினக் கலையின் ஒரு பெரிய அத்தியாயம் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

கம்பெனிகள் தங்கள் பொறுப்பில் இருந்ததை எப்படி வைத்திருந்தன? கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று பதிவு செய்த முழுத் தட்டு ஒன்று 2018 வரை வெளியே வரவில்லை. இம்பல்ஸிடம் மூல நாடா இல்லாமல் போயிருந்தது. போட்டுக் கேட்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு பிரதி நாடா, அவருடைய முதல் மனைவி நயிமாவின் குடும்பத்தில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்துதான் அந்த இசை மீண்டது. 1965 அக்டோபரில் சியாட்டிலில் தன் ‘எ லவ் சுப்ரீம்’ தட்டு முழுவதையும் கோல்ட்ரேன் மேடையில் வாசித்தார். அதன் நாடா ஜோ பிரேஸில் என்ற உள்ளூர் சாக்ஸபோன் கலைஞரின் சேகரிப்பில் கிடந்து, 2021-ல் வெளியானது. 1961-ல் டால்ஃபியோடு வில்லேஜ் கேட் கிளப்பில் வாசித்ததன் நாடா நியூயார்க் பொது நூலகத்தில் அகப்பட்டு, 2023-ல் தட்டாக வந்தது. குடும்பம், உள்ளூர்க் கலைஞர், நூலகம். மூன்று இடத்திலும் கம்பெனி இல்லை.

2008 ஜூன் மாதம் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் தீ பிடித்தது. அதில் இம்பல்ஸின் மூல நாடாக்களும் எரிந்தன என்று 2019-ல் ‘நியூயார்க் டைம்ஸ் மேகஸின்’ எழுதியது. சேதம் அவ்வளவு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. எப்படியானாலும், அந்தச் செய்தி வெளியே வரப் பதினொரு ஆண்டுகள் ஆயின என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

ஹென்றி கிரைம்ஸ் எங்கே?

தட்டைப் பற்றிய பேச்சு ஒரு மனிதரையே மீட்ட கதை இது.

ஹென்றி கிரைம்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த பாஸ் கலைஞர். சானி ரோலின்ஸ், ஆல்பர்ட் ஐலர், செசில் டெய்லர், டான் செரி என்று பெரியவர்கள் அத்தனை பேருக்கும் பக்கத்தில் நின்று வாசித்தவர். 1965 டிசம்பரில் இ.எஸ்.பி.க்காகத் தன் பெயரில் ‘தி கால்’ பதிவு செய்தார். அறுபதுகளின் கடைசியில் மேற்குக் கரைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இறந்துவிட்டார் என்று சில நூல்களே எழுதிவிட்டன.

ஜார்ஜியா மாநிலத்தில் சமூகப் பணியாளராக இருந்த ரசிகர் ஒருவருக்கு மட்டும் அதில் நம்பிக்கை வரவில்லை. தட்டின் உறையில் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் கேள்வி எழுந்தது. இறந்தார் என்றால் சான்று எங்கே? அரசாங்கப் பதிவேடுகளைத் துழாவினார். 2002-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறிய வாடகை அறையில் கிரைம்ஸைக் கண்டுபிடித்தார். பழுதான பாஸைச் சரிசெய்யக் காசில்லாமல் அதை எப்போதோ விற்றுவிட்டு, கிடைத்த கூலி வேலை செய்து, நோட்டுப் புத்தகங்களில் கவிதை எழுதிக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறார். தன் நண்பர் ஐலர் 1970-லேயே நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் பிணமாகக் கிடைத்ததுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

செய்தி பரவியது. நியூயார்க்கிலிருந்து வில்லியம் பார்க்கர், அவரும் பாஸ் கலைஞர்தான், தன்னிடமிருந்த ஒரு பாஸை அனுப்பிவைத்தார். பச்சை சாயல் கொண்ட அந்த வாத்தியத்துக்கு ‘ஆலிவ் ஆயில்’ என்று பெயர். 2003 மே மாதம் நியூயார்க்கின் விஷன் ஃபெஸ்டிவலில் கிரைம்ஸ் மேடை ஏறினார். அப்போது வயது 67. அதன்பின் பல ஆண்டுகள் உலகம் சுற்றி வாசித்தார், புதிய தட்டுகள் போட்டார்.

ஜூசெப்பி லோகனின் கதையும் இதற்கு அண்ணன் தம்பி. அறுபதுகளில் இ.எஸ்.பி.யில் தட்டு போட்டுவிட்டுப் பிறகு காணாமல் போன சாக்ஸபோன் கலைஞர். நாற்பது ஆண்டு கழித்து நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் வாசித்துக்கொண்டிருந்தார். பழைய தட்டை அறிந்தவர்கள் அடையாளம் கண்டார்கள், 2010-ல் அவருக்குப் புதுத் தட்டு வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா இருவரையும் கொண்டுபோயிற்று. கிரைம்ஸ் 15-ம் தேதி, லோகன் 17-ம் தேதி.

பெட்டிச் செய்தி: செட்டிப்பாளையத்திலிருந்து

1971-ல் வந்த ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ இன்று இந்த வகையில் மிக அதிகமாகத் தேடப்படும் தட்டுகளில் ஒன்று. ஆலிஸின் ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன், அடியில் இடைவிடாமல் தம்புரா. தலைப்பில் இருப்பவர் கோவை மாவட்டம் செட்டிப்பாளையத்தில் 1914-ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969-ல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரே. கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்த துயரத்தில் இருந்த ஆலிஸுக்கு அவர் குருவானார். அவருடைய குரலே ஆலிஸின் ‘வேர்ல்ட் கேலக்ஸி’ தட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் தன் ஆசிரமத்துக்காக ஆலிஸ் போட்ட பஜனை கேசட்டுகள், 2017-ல் தொகுப்பாக மறுவெளியீடு கண்டன.

தமிழ்நாட்டுத் தொடர்பு இதோடு முடியவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் மிருதங்கம் டி. ரங்கநாதனும் கற்பித்த அதே துறையில்தான் ஆர்னெட் கோல்மனின் டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல்லும் கற்பித்தார். 1990-லிருந்து 2013 வரை சாக்ஸபோன் கலைஞர் ஆந்தனி பிராக்ஸ்டனும் அங்கே ஆசிரியராக இருந்தார். இன்று இந்த மரபின் முன்வரிசையில் இருக்கும் பியானோ கலைஞர் விஜய் ஐயர், அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

பூட்டி வைத்தவர்கள்

சேகரிப்பாளர்கள் எல்லோரையும் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. ‘மெஷின் கன்’ தட்டின் அந்த முன்னூறு பிரதிகளில் எத்தனை இன்று ஊசி படாமல் அலமாரியில் நிற்கின்றன? உறை கசங்கினால் விலை குறையும், தட்டை எடுத்தால் கீறல் விழும் என்று இசையைக் கேட்காமலே வைத்திருப்பவர்கள் உண்டு. பங்குப் பத்திரம் மாதிரி வாங்கி, பங்குப் பத்திரம் மாதிரி விற்பவர்கள். ரசிகர் ஒருவர் காசு சேர்த்து வாங்கக்கூடிய எல்லையை அரிய தட்டுகள் எப்போதோ தாண்டிவிட்டன.

பழைய தட்டு எத்தனை முறை கைமாறினாலும், எவ்வளவு விலைக்குப் போனாலும், வாசித்தவருக்கு அதில் ஒரு சல்லிக்காசு கிடையாது. சட்டம் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் அறையில் கிரைம்ஸ் பாஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களிலும் அவர் வாசித்த தட்டுகள் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தன. கண்டுபிடித்தவர் சேகரிப்பாளர் என்றால், அதுவரை கண்டுகொள்ளாமல் வாங்கி விற்றவர்களும் சேகரிப்பாளர்கள்தானே.

என்னைப் பொறுத்தவரை, வாங்கியதோடு நிற்பவர் வேலையில் பாதியைக்கூடச் செய்யவில்லை. இந்த உலகத்தின் சிறந்த சேகரிப்பாளர்கள் யாரும் வாங்குவதோடு நின்றதில்லை. ஜோ மெக்ஃபீ என்ற ஒற்றைக் கலைஞரை வெளியே கொண்டுவருவதற்காகவே சுவிட்சர்லாந்தில் வெர்னர் உவேலிங்கர் எழுபதுகளின் நடுவில் ‘ஹாட் ஹட்’ லேபிளைத் தொடங்கினார். அது பின்னாளில் ஃப்ரீ ஜாஸின் பெரிய லேபிள்களில் ஒன்றாக வளர்ந்தது. கார்பெட் ‘டவுன்பீட்’ பத்திரிகையில் ஆண்டுக்கணக்கில் ஒரு பத்தி எழுதினார். சி.டி.யாக மறுபடி வராத தட்டுகளைப் பற்றி மட்டும். அவரே முன்னின்று அப்படிப்பட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக மறுவெளியீடு செய்யவைத்தார். கலைஞர்களும் சும்மா இருக்கவில்லை. கென் வாண்டர்மார்க் முதலான பலர் கூட்டுறவாகச் சேர்ந்து ‘கேட்டலிட்டிக் சவுண்ட்’ மூலம் தங்கள் இசையைத் தாங்களே நேராக விற்கிறார்கள்.

‘அசென்ஷன்’ உருப்படியின் இரண்டு வாசிப்புகளும் இன்று ஒரே சி.டி.யில் கிடைக்கின்றன. வளையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, முதலில் அதைக் கேளுங்கள். பிடித்துப்போனால், பழைய தட்டு ஒன்றுக்கு ஆகும் செலவில் உயிரோடிருக்கும் கலைஞர்களின் புதுத் தட்டுகள் பத்து வாங்கலாம். அவர்களிடமே நேராக வாங்குங்கள். சன் ராவின் குழுவில் 1958-ல் சேர்ந்து, அவர் மறைந்த பின் அதைத் தலைமையேற்று நடத்திய சாக்ஸபோன் கலைஞர் மார்ஷல் ஆலன், தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தை 2025 பிப்ரவரியில் வெளியிட்டார். பெயர் ‘நியூ டான்’. அப்போது அவருக்கு வயது 100.